நான் கூப்பிடவே இல்லையே!

“நீங்கதானே சார் இப்போ கூப்பிட்டீங்க?”

மதுரையிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ முன்பின் தெரியாத ஒருவர் கேட்கிறார். “இல்லீங்களே, நான் யாரையும் கூப்பிடலையே” என்று சொல்லி வைக்கிறீர்கள். சற்று நேரத்தில் இன்னொருவர். அவர் குரலில் பதற்றம். “கொரியர்ல என் பேர்ல ஏதோ பார்சல் மாட்டியிருக்குன்னு சொன்னீங்களே, என்ன பார்சல் சார் அது?” மூன்றாவதாக வருபவர் எதையும் கேட்பதில்லை. எடுத்த எடுப்பில் திட்டுகிறார். ‘எங்கம்மாகிட்ட எதுக்குடா ஓடிபி கேட்ட?’ என்பதிலிருந்து தொடங்கி, அச்சில் எழுத முடியாத சொற்களில் முடிக்கிறார். உங்கள் போனை எடுத்துப் பார்த்தால், காலையிலிருந்து வெளியே போன அழைப்பு ஒன்றே ஒன்று. வீட்டுக்குத் தயிர் வாங்கி வரவா என்று கேட்டது.

அணுபுரம் குடியிருப்பில் ஒரு வீட்டில் இது நடப்பதாக நினைத்துப் பாருங்கள். திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையில், அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த ஊர் அது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னை அணுமின் நிலையம், பாவினி என்று வேலைக்குப் போகிறவர்கள் வாழும் இடம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவரின் கைப்பேசி எண் அவருடைய இன்னொரு பெயர். அலுவலகக் கோப்பில், பள்ளிப் பதிவேட்டில், மருத்துவமனைச் சீட்டில், ஆதாரில், வங்கிக் கணக்கில், கேஸ் புக்கிங்கில் எல்லாம் அதே பத்து இலக்கம். பணியில் சேர்ந்த காலத்தில் வாங்கிய எண்ணோடு ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணை வைத்து ஊர் பேர் தெரியாத ஒருவன் யாரையோ ஏமாற்றினால், முதல் கேள்வி இவரிடம்தான் வரும். பாதுகாப்பு மிகுந்த ஒரு துறையில் வேலை செய்கிறவருக்கு ‘உங்க நம்பர்மேல புகார் வந்திருக்கு’ என்ற ஒரே வாக்கியம் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெயர் ஸ்பூஃபிங். அழைக்கிறவன் தன் எண்ணை மறைத்து வேறொருவர் எண்ணைக் காட்டுவது. உங்கள் போனுக்குள் யாரும் நுழையவில்லை. சிம் உங்களிடமே இருக்கிறது. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கணினியில், ‘அழைப்பவர் எண்’ என்ற கட்டத்தில் எவனோ உங்கள் எண்ணைத் தட்டியிருக்கிறான். பணத்தை இழந்தவரைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். இந்திய அளவில் 2024-ல் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. ஆனால் எண்ணைப் பறிகொடுத்தவர் இந்தக் கணக்கு எதிலும் வருவதில்லை. அவர் ஒரு ரூபாயும் இழக்கவில்லை என்பதால் அவரைப் பாதிக்கப்பட்டவராகவே யாரும் எண்ணுவதில்லை. இந்தக் கட்டுரை அவருக்காக.

கானத்தூர் பங்களா

அணுபுரத்திலிருந்து வெகு தொலைவு போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், கோவளம் தாண்டி வடக்கே போனால் கானத்தூர். 2021 ஆகஸ்ட்டில் அங்கே கடலைப் பார்த்த ஒரு பங்களாவுக்குள் அமலாக்கத் துறை நுழைந்தது. அந்தச் சோதனை நடவடிக்கையில் 82.5 லட்சம் ரூபாய் ரொக்கமும் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட சொகுசு கார்களும் கைப்பற்றப்பட்டதாக அறிவித்தது. சுகேஷ் சந்திரசேகரின் பங்களா என்று அந்தத் துறை சொன்னது. 2017-ல் இரட்டை இலைச் சின்னத்துக்காகத் தேர்தல் ஆணைய அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்க இடைத்தரகராக இருந்தார் என்ற வழக்கில் கைதானவர் அவர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது.

கார்களும் பங்களாவும்தான் அப்போது செய்தியாயின. என்னை உலுக்கியது வேறு. அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டுப்படி, டெல்லி ரோகிணி சிறைக்குள் இருந்தபடியே அவர் போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவரின் திரையில் விழுந்ததோ மத்திய அரசின் உயர் அதிகாரிகளுடைய எண். சிறையில் இருந்த ஒரு தொழிலதிபரின் மனைவிக்குச் சட்டத் துறைச் செயலாளர் பேசுவதுபோலவும், உள்துறைச் செயலாளர் பேசுவதுபோலவும் அழைப்புகள் போயின. கணவருக்கு ஜாமீன் கிடைக்க உதவுகிறோம் என்பது பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாக 200 கோடி ரூபாய்வரை கறந்துவிட்டார்கள் என்பது வழக்கு. ஒரு திரைப்பட நடிகையை நெருங்குவதற்காக அவருடைய ஒப்பனைக் கலைஞருக்குப் போன அழைப்பில், உள்துறை அமைச்சர் அலுவலகத்தின் எண் காட்டப்பட்டதாகவும் குற்றப்பத்திரிகை சொல்கிறது. வழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கின்றன. தீர்ப்பு எப்படி வந்தாலும் ஒன்று தெளிவாகிவிட்டது. பெரிய வழக்கறிஞர்களும் ஆலோசகர்களும் சூழ வாழும் குடும்பத்தைக்கூடத் திரையில் தெரியும் எண் நம்ப வைத்துவிடுகிறது. நம் வீட்டில் அப்பாவும் அத்தையும் நம்புவதில் என்ன வியப்பு இருக்கிறது?

சிங்கப்பூர்த் தமிழர்களைக் கேட்டால் 2021 டிசம்பரைச் சொல்வார்கள். ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் போயின. அவை புதிய எண்ணிலிருந்து வந்த செய்தியாகத் தனியே நிற்கவில்லை. வங்கி இதுவரை அனுப்பிய உண்மையான செய்திகள் வரிசையாக இருக்கும் அதே திரிக்குள், கடைசி வரியாகப் போய் உட்கார்ந்தன. ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வங்கி பின்னர் அந்தத் தொகை முழுவதையும் நல்லெண்ண அடிப்படையில் திருப்பிக் கொடுத்தது.

‘யாரிடமிருந்து’ என்ற கட்டம்

ஓர் அழைப்பு கிளம்பும்போது, குரலுக்கு முன்னால் ஒரு சிறிய தகவல் ஓடுகிறது. அதில் முக்கியமாக இரண்டு கட்டங்கள். யாருக்கு? யாரிடமிருந்து? முதல் கட்டம் தவறாக இருந்தால் அழைப்பு போய்ச் சேராது. இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் போன் அடிக்கும். தபால் உறையின் மூலையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோமே, அதைத் தபால்காரர் சரிபார்க்கிறாரா? பெறுநர் முகவரி சரியாக இருந்தால் கடிதம் வந்துவிடும். தொலைபேசி வலையமைப்பும் அந்த நம்பிக்கையில்தான் கட்டப்பட்டது. இன்றும் உலகத் தொலைபேசிகளை இணைக்கிற ‘எஸ்எஸ்7’ என்ற சமிக்ஞை முறை 1980-களில் நிலைபெற்றது. அப்போது தொலைபேசி என்றால் ஒரு நாட்டுக்கு ஓர் அரசுத் துறை, அல்லது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய நிறுவனங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் சந்தேகிக்க வேண்டிய தேவை எழவில்லை.

அந்தக் கட்டத்தை மாற்றுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஒரு மருத்துவமனையில் நூறு மேசைகளில் போன் இருக்கும். எங்கிருந்து அழைத்தாலும் வரவேற்பறை எண்ணையே காட்ட வேண்டும் என்று விரும்புவார்கள். அதற்காகத் திறந்த வாசல் அது. பிறகு இணையவழித் தொலைபேசி வந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு மென்பொருளைக் கொண்டு அழைப்பை உருவாக்கலாம், மலிவான ஏதோ ஒரு நிறுவனத்தின் வழியாக உலக வலையமைப்புக்குள் தள்ளிவிடலாம் என்றானது. இதையே கடை விரித்து நடத்தினார்கள். பிரிட்டனில் ‘ஐஸ்பூஃப்’ என்று ஓர் இணையதளம் இருந்தது. பிட்காயினில் கட்டணம் செலுத்தினால் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டித் தரும். 2022 நவம்பரில் லண்டன் காவல்துறை அதை மூடியபோது, அந்த ஆண்டு ஆகஸ்ட்வரையிலான 12 மாதங்களில் மட்டும் அதன் வழியே ஒரு கோடி மோசடி அழைப்புகள் போயிருந்தது தெரியவந்தது. உலக அளவில் இழப்பு 10 கோடி பவுண்டுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அதை நடத்திய டீஜே ஃப்ளெட்சருக்கு 2023 மே மாதம் 13 ஆண்டு 4 மாதச் சிறை கிடைத்தது.

இந்தியாவில் இந்த வியாதியின் அளவு தெரிந்ததே 2024 அக்டோபரில்தான். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு, நம் நாட்டு எண்ணைக் காட்டிக்கொண்டு வருகிறது. அதை வாசலிலேயே தடுத்தால் என்ன? கேட்கச் சுலபம். ஆனால் துபாய்க்கோ கோலாலம்பூருக்கோ போன நம் ஆள் ரோமிங்கில் வீட்டுக்குப் பேசும்போதும், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்தான் வரும். எல்லாவற்றையும் தடுத்தால் அவர் குரலும் அறுந்துபோகும். ஆகவே ஒவ்வோர் அழைப்பையும் நிறுத்திக் கேட்க வேண்டும்: இந்த எண்ணுக்குரியவர் இந்த நிமிடம் உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கிறாரா? முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த வாடிக்கையாளர் எண்களை மட்டும் இப்படிச் சோதித்தது. அதிலேயே நாளுக்கு 45 லட்சம் போலி அழைப்புகள் பிடிபட்டன. பிறகு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான மைய அமைப்பை 2024 அக்டோபர் 22 அன்று மத்திய அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா தொடங்கிவைத்தார். முதல் 24 மணி நேரத்தில் தடுக்கப்பட்டவை 1.35 கோடி அழைப்புகள். இந்திய எண்ணைக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் 90 சதவீதம் பொய் என்று அரசு சொன்னது.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரே நாளில் 1.35 கோடி அழைப்புகள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இந்திய எண்ணைப் போர்த்திக்கொண்டு வந்தது. அவற்றில் எத்தனையோ எண்களுக்குப் பின்னால் பள்ளி ஆசிரியையோ மீனவரோ ஓய்வூதியரோ இருந்திருப்பார். அவர்களுக்கு யாராவது ‘உங்கள் எண்ணை இப்படிப் பயன்படுத்தினார்கள்’ என்று சொன்னார்களா? வலையமைப்பு தடுத்தது, எண்ணியது, அறிக்கை தந்தது. எண்ணின் சொந்தக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு அதில் சேர்க்கப்பட்டிருந்தால், எத்தனையோ பேர் முன்கூட்டியே விழித்திருப்பார்கள்.

தடுப்பு வந்ததும் ஏமாற்றுக்காரர்கள் தொழிலை விட்டுவிடவில்லை. வழியை மாற்றிக்கொண்டார்கள். ஒரு வாடகை அறையில் சிம் பாக்ஸ் என்ற பெட்டியை வைத்து, அதில் நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகி, இணையம் வழியே வரும் வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்புகிறார்கள். இங்கே காட்டப்படுவது மெய்யான எண். ஆனால் அந்த சிம் இன்னொரு அப்பாவியின் பெயரில் வாங்கியதாக இருக்கும். விளைவு அவருக்கு ஒன்றுதான்: செய்யாத அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்முனையில் பேசுகிறவரும் எப்போதும் விரும்பிப் பேசுகிறவராக இருப்பதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போகப்பட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் உண்டு. 2022 அக்டோபரில் அப்படி 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். அடி உதைக்குப் பயந்து மோசடி வேலை செய்ய வைக்கப்பட்டவர்கள் அவர்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அங்கிருந்து அழைத்து வந்தன.

உங்கள் எண் என்றால்

முதலில் பதறாமல் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போனில் சிக்னல் வழக்கம்போல் இருக்கிறது, அழைப்புகள் வருகின்றன, போகின்றன, முன்பின் தெரியாதவர்கள் மட்டும் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் எண்ணைப் போலியாகக் காட்டும் வேலை. மாறாக, திடீரென்று சிக்னலே போய்விட்டது, மணிக்கணக்கில் வரவில்லை என்றால் கதை வேறு. உங்கள் எண்ணுக்கு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து வங்கிக்கும் சிம் நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது: அழைப்புத் திருப்பல். ‘இந்த எண்ணை அழுத்துங்க, பார்சல் வந்துடும்’ என்று யாராவது சொல்லி நீங்கள் அழுத்தியிருந்தால், உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். போனின் அழைப்பு அமைப்புகளில் அதைப் பார்த்து நீக்கலாம். ##002# என்று அழுத்தி அழைத்தாலும் பெரும்பாலான இணைப்புகளில் திருப்பல் முழுவதும் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியையும் அந்தக் கையோடு பார்த்துவிடுங்கள்.

போலியாகக் காட்டுவதுதான் என்று தெரிந்த பிறகு, திரும்ப அழைப்பவர்களிடம் கோபப்படாமல் பேசுவதுதான் முதல் வேலை. இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து திட்டு வாங்கியவருக்கு மாலையில் வரும் அழைப்பு எரிச்சலைத்தான் தரும். ஆனால் அந்த மனிதர்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவர். “அம்மா, என் நம்பரை யாரோ போலியா காட்டிக் கூப்பிடுறாங்க. நான் கல்பாக்கம் பக்கம் இருக்கேன், உங்களுக்குப் போனே பண்ணலை. உங்ககிட்ட பணமோ ஓடிபியோ கேட்டாங்களா? குடுத்துட்டீங்களா? குடுத்திருந்தா உடனே 1930-க்குச் சொல்லுங்க.” இவ்வளவு சொன்னால் போதும். பணம் போன முதல் ஒரு மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொன்னால், அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் அதை முடக்க வாய்ப்பு அதிகம். உங்களைத் திட்ட வந்தவரின் சேமிப்பை நீங்களே காப்பாற்றிவிட முடியும்.

அழைத்தவரின் எண், நேரம், அவரிடம் என்ன சொல்லி ஏமாற்றப் பார்த்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவரிடமே இன்னோர் உதவியும் கேட்கலாம்: அவருடைய திரையில் உங்கள் எண் தெரியும் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் எல்லாம் இதில்தான் நிற்கும்.

எண்ணை மாற்றிவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். போலியாகக் காட்டுகிறவர்கள் ஓர் எண்ணோடு நெடுநாள் தங்குவதில்லை. அந்த எண்ணைப் பலர் தடுத்துவிட்டால் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுவார்கள். நீங்களோ எண்ணை விட்டுவிட்டால், குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகு அது வேறொருவருக்குத் தரப்படலாம். மறந்துபோய் மாற்றாமல் விட்ட ஏதோ ஒரு வங்கிக் கணக்கின் ஓடிபி அவருக்குப் போகும். ஓய்வூதியக் கோப்பிலும் ஆதாரிலும் எண் மாற்றுவதற்கு வயதானவர்கள் எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது அணுபுரத்துக்காரர்களுக்குத் தெரியாததா?

சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசுத் தளம் 2023 மே மாதம் வந்தது. 2025 ஜனவரியிலிருந்து அது செயலியாகவும் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை அதில் பார்க்கலாம். தெரியாத எண் ஏதாவது இருந்தால் ‘இது என்னுடையது இல்லை’ என்று அங்கேயே சொல்லிவிடலாம். சிம் பாக்ஸ் ஆபத்துக்கு இதுதான் மருந்து. மோசடி அழைப்பைப் பெற்றவர் புகார் செய்வதற்கு 2024 மார்ச்சில் வந்த ‘சக்ஷு’ என்ற பகுதி அதில் உண்டு. வெளிநாட்டு அழைப்பு இந்திய எண்ணில் வந்தால் சொல்வதற்குத் தனிப் பகுதியும், 1963 என்ற எண்ணும் இருக்கின்றன.

ஆதாரம் யாரிடம் இருக்கிறது?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எண்ணைக் காட்டி ஒருவரிடம் பணம் பறிக்கப்பட்டிருக்கிறது. அவர் புகார் கொடுக்கிறார். அவருடைய அழைப்புப் பதிவேட்டைக் காவல்துறை வாங்கிப் பார்த்தால், வந்த அழைப்பு உங்கள் எண்ணிலிருந்து என்றுதான் இருக்கும். ஏனென்றால் அந்தப் பதிவேடும் திரையில் தெரிந்த அதே கட்டத்தைத்தான் படியெடுக்கிறது. அதோடு விசாரணை நின்றால் நீங்கள் குற்றவாளி. ஆனால் உங்கள் எண்ணின் பதிவேட்டை வாங்கினால், அந்த நேரத்தில் வெளியே போன அழைப்பே அதில் இருக்காது. அழைப்பு எந்த நிறுவனத்தின் எந்த வாசல் வழியாக வலையமைப்புக்குள் நுழைந்தது என்பதும் நிறுவனத்தின் கருவிகளில் பதிவாகியிருக்கும். இரண்டு பக்கப் பதிவுகளையும் எதிரெதிரே வைத்தாலே உண்மை வெளிவந்துவிடும். அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியது. ஆக, நீங்கள் நிரபராதி என்பதற்கான சான்று இருக்கிறது. அது உங்களிடம் இல்லை என்பதுதான் சிக்கல்.

அதனால்தான், பணம் எதுவும் இழக்காவிட்டாலும் புகார் கொடுங்கள் என்று சொல்கிறேன். முதலில் உங்கள் சிம் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். அந்தந்த நாளின் அழைப்பு விவரத்தையும் செயலியிலிருந்து இறக்கி வையுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ, செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவிலோ, நோட்டில் எழுதிய விவரங்களோடு புகார் கொடுங்கள். பின்னால் எங்கிருந்தாவது ஒரு காவல் நிலையம் விசாரணைக்குக் கூப்பிட்டால், அவர்களுடைய வழக்குக்கு முந்தைய தேதியில் உங்கள் புகார் இருக்கும். அந்தத் தேதிக்கு மதிப்பு அதிகம்.

சட்டம் பலவீனமாக இல்லை. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்தில், தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திரிப்பவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 42-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூன் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு ஏற்கெனவே உண்டு. ஆனால் அந்தத் தண்டனையெல்லாம் பிடிபட்டவனுக்கு. பிடிபடாதவனுடைய நிழல் விழுந்த மனிதருக்குச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

வெளிநாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவில் 2019 இறுதியில் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2021 ஜூன் 30-க்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒவ்வோர் அழைப்பிலும் மின்னணுக் கையொப்பம் இட வேண்டும் என்றார்கள். ‘இந்த எண் எங்கள் வாடிக்கையாளருடையது, அவர்தான் அழைக்கிறார்’ என்று அழைப்பு கிளம்பும் இடத்திலேயே நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். பழைய கம்பிவழிக் கருவிகளில் அந்தக் கையொப்பம் தொலைந்துபோவது அதன் குறை. சிங்கப்பூர் எளிய வழியில் போனது. 2020 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு அழைப்பு எதுவாக இருந்தாலும் முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டே காட்ட வேண்டும். உள்ளூர் எண்போலத் தெரிந்து முன்னால் கூட்டல் குறி இருந்தால் ஏமாற்று வேலை என்று பாட்டிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஓசிபிசி வங்கிச் சம்பவத்துக்குப் பிறகு, பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திகளுக்கு மேல் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரையும் 2023-லிருந்து விழுகிறது.

இந்தியாவில் இப்போது பேசப்படுவது, அழைப்பவரின் பெயரையும் திரையில் காட்டும் ஏற்பாடு. 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பரிந்துரைத்தது. வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் மட்டுமே வர வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் சொன்னது. இரண்டும் நல்லதுதான். பெயர் காட்டுவதில் மட்டும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எண்ணை வைத்துத்தான் பெயர் தேடப்படும். எண்ணைச் சரிபார்க்காமல் பெயரைக் காட்டினால், மோசடிக்காரனின் அழைப்பில் உங்கள் எண்ணோடு உங்கள் பெயரும் சேர்ந்து பளிச்சென்று விழும். எண்ணை மட்டும் திருடியவனுக்குப் பெயரையும் நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். வாசலில் சோதனை முழுமையாக நடந்த பிறகே பெயர்ப்பலகை மாட்ட வேண்டும். வெளிநாட்டு அழைப்புக்கு 2024-ல் செய்ததை, நாட்டுக்குள்ளேயே உருவாகும் இணையவழி அழைப்புகளுக்கும் நிறுவனச் சுவிட்சுகளுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

அணுபுரம் போன்ற ஊர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. கல்பாக்கத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு அவசரகாலத் திட்டம் உண்டு. 2004 டிசம்பர் 26-ன் அலை இந்தக் கடற்கரையில் அடித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இங்கே வாழ்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் சொன்னால் உடனே கேட்க வேண்டும் என்ற பழக்கம் உயிரைக் காப்பது. அதிகாரியின் எண்ணைக் காட்டி அந்தப் பழக்கத்தையே ஒருவன் சுரண்டினால், நாளைக்கு உண்மையான எச்சரிக்கையையும் மக்கள் சந்தேகிப்பார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று காவல் உடையில் வீடியோவில் வந்து மிரட்டுகிறவர்களைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் பேச வேண்டி வந்தது. 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மோசடிகளை நாடு முழுவதும் விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது. அந்த மிரட்டல்கள் பலவற்றின் முதல் அழைப்பு, யாரோ ஒருவருடைய எண்ணில்தான் வருகிறது.

உச்ச நீதிமன்றத்தின் பார்வையும் விசாரணையும் பணம் போன வழியைத் தேடுகின்றன. அது அவசியம். அதோடு இன்னொன்றையும் கேட்டுப் பெற வேண்டும். தன் எண்ணைப் போலியாகக் காட்டினார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் விண்ணப்பித்தால், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட எண்ணுக்கு அவருடைய இணைப்பிலிருந்து அழைப்பு எதுவும் கிளம்பவில்லை என்று சிம் நிறுவனம் ஒரு வாரத்துக்குள் முத்திரையிட்ட கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தை எந்தக் காவல் நிலையமும், எந்த அலுவலகமும் ஏற்க வேண்டும். இரண்டு ஆண்டுப் பதிவு ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் ஓர் உத்தரவு போதும்.